மாடி அறையில் பம்பை பயிற்சி: பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பம்பைத்தம்பி, தருமபுரி

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரியில் பென்னாகரம் ரோடு பக்கம் எங்கள் வீடு. நானும் சித்தப்பா மகனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பம்பை செட் வைத்திருக்கிறோம். இரண்டு ஜோடி பம்பை, ஒரு உடுக்கை, ஒரு சிலம்பு. நான்கு பேருக்கும் பகலில் வேலை, நான் லேத் பட்டறையில் இருக்கிறேன், அதனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் ஒன்றுசேர முடியும். தை பிறந்தால் ஆடி 18 வரை மாரியம்மன் திருவிழா, குலதெய்வப் பூசை என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பயிற்சி இல்லாமல் போய் நிற்க முடியாது, சாமி அழைக்கிற நேரத்தில் ஒரு அடி தப்பினாலும் அருள் வருகிறவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், பக்கத்து மனையில் போன வருடம் வீடு கட்டிக் குடி வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றடி சந்துதான். அவர்கள் வீட்டில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா போன வாரம் வந்து, “தம்பி, சாமிக்கு அடிக்கிறீர்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை, ஆனால் பாப்பாவுக்கு மார்ச்சில் பரீட்சை” என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அன்றைக்கு நிறுத்தியதுதான், இன்னும் நாங்கள் சேர்ந்து வாசிக்கவில்லை.

அறை மாடியில் இருக்கிறது. 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. சுவர் 9 அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு, மேலே கான்கிரீட். பக்கத்து வீட்டைப் பார்த்த 12 அடிச் சுவரில் 4க்கு 4 இரும்பு ஜன்னல், கிரில் வைத்தது. அதற்கு மேலே 2க்கு 1 வென்டிலேட்டர், சிமென்ட் ஜாலிதான், கண்ணாடி கிடையாது. கதவு சாதாரண ஃபிளஷ் டோர். பதிவுகளைப் போட்டுக் கேட்டுப் பழக 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கிறது, அதைச் சுவரில் பதித்த சிமென்ட் சிலாப் மேல் வைத்திருக்கிறோம். ஃபோனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேரும் அடிக்கும்போது அறைக்குள் 102 டெசிபல் காட்டியது, சந்தில் நின்று பார்த்தால் 83.

ஒரு கடையில் கேட்டதற்கு, நான்கு சுவரிலும் கூரையிலும் கூம்பு கூம்பாக இருக்கிற ஃபோம் ஒட்டினால் முழு சவுண்ட் புரூஃப் ஆகிவிடும், 60,000 ஆகும் என்றார்கள். நண்பன் ஒருவன் நாமக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது, முட்டை அட்டை வாங்கி ஒட்டிவிடு என்கிறான். எங்கள் கையில் இருப்பது 25,000. எதைச் செய்தால் உண்மையில் பலன் இருக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொத்தனார் மகன், கிருஷ்ணகிரி

தம்பி, ஃபோமுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முட்டை அட்டையும் வேண்டாம், தெர்மோகோலும் வேண்டாம். நான் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன், ஒரு ரெக்கார்டிங் அறையும் இரண்டு டிரம்ஸ் அறையும் செய்து கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஃபோம்தான்.

இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒன்று, சத்தத்தை வெளியே விடாமல் நிறுத்துவது இன்னொன்று. ஃபோம், பஞ்சு, திரை எல்லாம் முதல் வேலையைத்தான் செய்யும். ஊதினால் காற்று உள்ளே போகிற பொருள் எதுவும் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் எடை வேண்டும், ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். எடை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் தனியாக ஏறக்குறைய 50 டெசிபல் குறைக்கும். ஆனால் உங்களுக்கு 102க்கும் 83க்கும் வித்தியாசம் 19தான் வருகிறது. மீதி 30 எங்கே போனது? சுவர் வழியாகப் போகவில்லை, அந்த வென்டிலேட்டர் வழியாகப் போகிறது.

கணக்கு சுலபம். 12க்கு 10 சுவர் 120 சதுர அடி. வென்டிலேட்டர் 2 சதுர அடி. சுவரில் அறுபதில் ஒரு பங்கு திறந்து கிடக்கிறது. அந்த நிலையில் மற்ற 118 சதுர அடியும் மலைப்பாறையாகவே இருந்தாலும் அந்தச் சுவர் மொத்தத்தில் 18 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. நீங்கள் அளந்த 19 கிட்டத்தட்ட அதே எண்தான், உங்கள் ஃபோன் பொய் சொல்லவில்லை. இன்னொன்றும் பாருங்கள், கதவுக்கு அடியில் மூன்றடி நீளத்துக்கு அரை அங்குல இடுக்கு இருந்தால் அது வெறும் எட்டில் ஒரு சதுர அடி, ஆனால் அது ஒன்றே அந்தப் பக்கத்தை 30 டெசிபலில் நிறுத்திவிடும். தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் இது, தொட்டியை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியாக வடிந்துவிடும்.

அதனால் முதலில் செலவில்லாத ஒரு வேலை. ராத்திரி அறைக்குள் பெரிய விளக்கைப் போட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, வெளியே இருட்டில் நின்று எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். அப்புறம் உள்ளே மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியைப் பற்ற வைத்து ஜன்னல் சட்டம், கதவு நிலை, சுவிட்ச் பெட்டி, பைப் போகிற துளை எல்லா ஓரத்திலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

இன்னொன்று, அந்த ஸ்பீக்கரை இன்றைக்கே சிலாப்பிலிருந்து இறக்குங்கள். சிலாப் சுவரோடு சேர்த்து வார்த்தது. அதன் மேல் ஸ்பீக்கர் வைத்தால் சுவரையே ஸ்பீக்கரோடு சேர்த்து ஆட்டுகிறீர்கள் என்று அர்த்தம், காற்று வழியாகப் போகாமல் கட்டடம் வழியாகக் கீழ் வீட்டுக்கு நேராக இறங்கும்.

ஓசூர் கிட்டார்

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, நான் அனுபவித்தவன். ஓசூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்தபோது பாஸ் கிட்டார் பயிற்சிக்காக ஒரு அறை முழுக்க இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினேன். கடையின் பெயர் வேண்டாம், ஒட்டிக் கொடுத்தவர்கள் “கதவைச் சாத்தினால் வெளியே ஊசி விழுகிற சத்தம்கூடக் கேட்காது” என்று சொல்லித்தான் 48,000 வாங்கினார்கள். ஒட்டிய அன்று அறைக்குள் நின்று கைதட்டினேன், அப்படி ஒரு அமைதி, சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரியே கீழ் வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கு ஒரு துளி வித்தியாசமும் இல்லை. திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டதற்கு இன்னொரு அடுக்கு ஒட்டச் சொன்னார்கள்.

பாஸ் சத்தம் ஏன் நிற்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்துகொண்டேன். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர், அதாவது என் அறையைவிடப் பெரியது. இரண்டு அங்குல ஃபோம் அதன் கண்ணுக்கே தெரியாது. உச்சத்தில் இருக்கிற சிலிர் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு, அடியில் இருக்கிற தும் தும்மை அப்படியே விட்டுவிடும். அதனால் உள்ளே கேட்கிற இசையும் மந்தமாகிவிட்டது.

நெருப்பையும் மறக்காதீர்கள். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் பற்றினால் நிமிடக் கணக்கில் அறை முழுவதும் விஷப் புகை. முட்டை அட்டை காய்ந்த காகிதம். நீங்கள் சாமி காரியம் செய்கிறவர்கள், அறையில் சூடம் ஊதுபத்தி கொளுத்துவீர்கள். தயவுசெய்து அது வேண்டாம்.

பம்பைத்தம்பி, தருமபுரி

நன்றி அண்ணா, நன்றி ஓசூர் அண்ணா. நேற்று ராத்திரி இரண்டையும் செய்து பார்த்தோம். சித்தப்பா மகன் வெளியே டார்ச் இல்லாமல் நின்றான், நான் உள்ளே 500 வாட்ஸ் விளக்கைப் போட்டேன். வென்டிலேட்டர் தெரு விளக்கு மாதிரி எரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஜன்னலில் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு, கண்ணாடிக்குப் பூசிய மக்கு நான்கு இடத்தில் உதிர்ந்து சின்னச் சின்னப் புள்ளியாக வெளிச்சம். கதவுக்கு அடியில் என் சுண்டு விரல் போகிறது. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பூச்சு விரிசல் விட்டு ஒரு பக்கம் முழுக்கப் புகை ஆடியது, இத்தனை வருடம் அந்த அறையில் இருந்தும் இது கண்ணில் படவே இல்லை.

ஸ்பீக்கரை இறக்கிப் பழைய லாரி டியூபை மடித்து அதன் மேல் வைத்திருக்கிறோம். கீழே அம்மா படுக்கிற அறையில் கட்டில் சட்டம் அதிரும், அது நின்றுவிட்டது என்கிறார்.

எனக்குப் பயம் என்னவென்றால், எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு எப்படி விடுவது? பங்குனி சித்திரை வெயிலில் அந்த மாடி அறை ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட அடுப்பு மாதிரி இருக்கும். நான்கு பேர் உள்ளே.

கொத்தனார் மகன், கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி, பலர் இதை யோசிக்காமல் அடைத்துவிட்டு அரை மணி நேரத்தில் தலைவலியோடு வெளியே வருகிறார்கள். ஏசி போட்டாலும் இது தீராது, ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது.

வென்டிலேட்டரை அடைக்க வேண்டாம், அதற்குப் பெட்டி போடுங்கள். 18 எம்எம் பிளைவுட்டில் நான்கடி நீளத்துக்கு ஒரு பெட்டி, சுவரின் உள்பக்கம் வென்டிலேட்டரை மூடினாற்போல் படுக்கையாகப் பொருத்த வேண்டும். பெட்டிக்குள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தடுப்புப் பலகை வைத்துக் காற்று மூன்று நான்கு முறை வளைந்து வளைந்துதான் போக வேண்டும் என்று செய்யுங்கள். உள்பக்கம் முழுக்க ஒரு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி எடுத்த பஞ்சு) ஒட்டி, அதன் மேல் மெல்லிய துணி போர்த்திவிடுங்கள், நார் பறக்கக் கூடாது. காற்று வளைவில் திரும்பிவிடும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் ராக்வூலில் முட்டி முட்டிக் குறையும். காற்று போகிற வழி எந்த இடத்திலும் வென்டிலேட்டர் அளவைவிடக் குறுகிவிடக் கூடாது. பெட்டியின் உள்முனையில் மெதுவாக ஓடுகிற ஒரு சின்ன எக்ஸாஸ்ட். காற்று வெளியே போனால் உள்ளே வரவும் வழி வேண்டும் இல்லையா, அதற்கு இதே மாதிரி இன்னொரு பெட்டி வீட்டுக்குள் இருக்கிற சுவரில், தரையை ஒட்டி. அந்தப் பக்கம் உங்கள் ஹால்தானே, கொஞ்சம் சத்தம் வந்தால் உங்கள் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்.

ஜன்னலை நிரந்தரமாக அடைக்க மனசு வராது, தேவையும் இல்லை. பயிற்சி நேரத்துக்கு மட்டும் உள்பக்கம் வைக்கிற மாதிரி ஒரு அடைப்புப் பலகை செய்யுங்கள். இரண்டு 18 எம்எம் பிளைவுட்டை ஒன்றோடு ஒன்று ஒட்டித் திருகினால் போதும். 4க்கு 4 அளவில் அது முப்பது கிலோவைத் தாண்டும், தினமும் தூக்க முடியாது, அதனால் இரண்டு பாதியாக்கிக் கீல் போட்டுக் கதவு மாதிரி திறக்கச் செய்துவிடுங்கள். சுவரோடு முட்டுகிற ஓரம் முழுக்க ரப்பர் பீடிங், அழுத்திப் பிடிக்க நான்கு தாழ்ப்பாள். பலகைக்கும் பழைய கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி கிடைக்கிறதோ அவ்வளவும் லாபம். உங்களுடையது 9 அங்குலச் சுவர், எப்படியும் நான்கைந்து அங்குலம் கிடைத்துவிடும். உதிர்ந்த மக்கை முதலில் சரி செய்யுங்கள்.

கதவைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றாகக் கேட்டால் உள்ளே கூடு. அதன் உள்முகத்தில் 12 எம்எம் சிமென்ட் போர்டு ஒன்றைத் திருகி எடை கூட்டலாம், ஆனால் மூன்றாவது கீல் போடாமல் செய்தால் கதவு தொங்கிவிடும். அடி இடுக்குக்கு, கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் வெட்டிப்போட்ட துண்டுப் பட்டை சும்மாவே கொடுப்பார்கள், முக்கால் அங்குல உயரத்துக்கு ஒரு பட்டையை வாசற்படியாகப் பதித்து, கதவு சாத்தும்போது அதன் மேல் ரப்பர் முட்டுகிற மாதிரி செய்யுங்கள். நிலையைச் சுற்றியிருக்கிற விரிசலில் டப்பாவில் வருகிற ஸ்பிரே ஃபோமை அடிக்காதீர்கள், அது பஞ்சு மாதிரி லேசானது. சிமென்ட் கலவையைக் குத்தி நிரப்பிவிட்டு, ஓரத்துக்கு மட்டும் பெயின்ட் கடையில் கிடைக்கிற அக்ரிலிக் சீலன்ட்.

சுவருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதெல்லாம் முடிந்த பிறகு யாராவது வந்து ஜிப்சம் போர்டு அடிக்கலாம் என்பார்கள். செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு அங்குல இடைவெளி விட்டு ஒற்றை ஜிப்சம் போர்டு அடித்தால், போர்டும் நடுவில் இருக்கிற காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி 125 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஆடும். அந்த இடத்தில் முன்பைவிட அதிகமாக வெளியே போகும். பம்பையின் அடிச்சத்தம் இருக்கிற இடமும் அதை ஒட்டித்தான். உண்மையில் பலன் வேண்டுமென்றால் நான்கு அங்குல இடைவெளி, உள்ளே ராக்வூல், மேலே இரண்டு அடுக்கு போர்டு என்று போக வேண்டும், அப்போது அந்த ஆட்டம் 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். செலவும் அதற்கேற்ற மாதிரி, அறையும் சுருங்கும். உங்களுக்கு அது தேவைப்படாது.

ராயக்கோட்டை ரசிகன்

எடை என்று அண்ணன் சொன்னதற்கு என் வீட்டிலிருந்து ஒரு உதாரணம். ராயக்கோட்டை பக்கம் எங்கள் தாத்தா கட்டிய மாட்டுக் கொட்டகை, ஒரு அடி கனத்துக்குக் கருங்கல் சுவர். மாடு இல்லாமல் போனதும் அதில்தான் நாங்கள் கூத்துக்கு மிருதங்கமும் ஆர்மோனியமும் வைத்துப் பழகுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர் கருங்கல் சுவர் 800 கிலோ வருகிறது. 9 அங்குலச் செங்கல் 400 கிலோ. இப்போது எல்லோரும் கட்டுகிற ஆறு அங்குல ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ் வைத்த லேசான கான்கிரீட் கல்) 90 கிலோதான். எடை இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடுதலாகக் குறையும் என்பது பொது விதி. புது வீடு கட்டுகிறவர்கள் இசைக்கு ஒரு அறை வேண்டுமென்று நினைத்தால் அந்த ஒரு அறைக்காவது செங்கலோ சாலிட் பிளாக்கோ வையுங்கள், ஏஏசி வேண்டாம்.

ஆனால் எங்கள் கொட்டகைக்கு மேலே நாட்டு ஓடு. சுவர் வழியாக ஒன்றும் போகவில்லை, ஓட்டு இடுக்கு வழியாக எல்லாமே மேலே போய் ஊர் முழுக்க விழுந்தது. மூங்கில் சாரத்துக்குக் கீழே இரண்டு அடுக்கு சிமென்ட் போர்டு கட்டி, மேலே ராக்வூல் பரப்பிய பிறகுதான் அடங்கியது. தம்பிக்கு மேலே கான்கிரீட் என்பது பெரிய அதிர்ஷ்டம்.

செவிலி அக்கா, காவேரிப்பட்டணம்

நான் காது பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை செய்கிறேன், பம்பை, மேளம் அடிக்கிறவர்கள் நாற்பது வயதுக்குள் வந்து உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். முதலில் அவர்கள் சொல்வது ராத்திரி படுத்தால் காதில் ஊய் என்று ஒரு இரைச்சல் நிற்காமல் கேட்கிறது என்பதுதான். தம்பி, 102 என்று எழுதியிருக்கிறீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. 94க்கு ஒரு மணி நேரம், 100க்குக் கால் மணி நேரம். கோயில் திடலில் சத்தம் நாலாபுறமும் போய்விடும், பூசிய சுவர் நான்குக்குள் அடித்தால் அத்தனையும் திரும்பி உங்கள் காதுக்கே வரும். இப்போது ஓட்டையையும் அடைக்கப் போகிறீர்கள்.

அதனால் அறைக்குள் பஞ்சு வேலையும் கொஞ்சம் வேண்டும், இது பக்கத்து வீட்டுக்காக அல்ல, உங்கள் காதுக்காக. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் இரண்டு சுவரில் நிற்க வையுங்கள், கூரை மூலைகளை ஒட்டி ராக்வூல் சட்டம் துணி போர்த்தி மாட்டுங்கள், நாலைந்து டெசிபல் இறங்கும். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இசைக்காரர்களுக்கென்று இருப்பது தாளத்தை மழுக்காமல் எல்லாவற்றையும் சமமாகக் குறைக்கும்.

அப்புறம் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10க்கு மேல் 45. தனியார் இடத்திலிருந்து வருகிற இசைக்கருவிச் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது உங்கள் சந்தில் ராத்திரி பத்துக்குள் 60. இப்போது 83இல் இருக்கிறீர்கள். அந்த அம்மா நினைத்திருந்தால் புகாரே கொடுத்திருக்கலாம், நேரில் வந்து பேசியிருக்கிறார். நீங்களும் போய், இந்த வேலையெல்லாம் செய்கிறோம், எந்த நேரம் பாப்பாவுக்குத் தொந்தரவு இல்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பெரிய பம்பை, அரூர்

தம்பி, எனக்கு 61 வயது, நாற்பது வருடமாகப் பம்பை கட்டுகிறேன். நாங்கள் பழகியது ஏரிக்கரையில். அங்கே அடித்தால் அடுத்த ஊரில் கேட்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இப்போது ஏரிக்கரை வரை வீடு வந்துவிட்டது, உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்று சொல்கிறேன். தினமும் நாலு பேரும் முழுச் சத்தத்தில் அடிக்க வேண்டும் என்பது கிடையாது. கைக்குப் பழக்கம் வேறு, கூட்டாகச் சேர்வது வேறு. கைப் பழக்கத்துக்குப் பலகை போதும். சிலர் ரப்பர் டியூப் இழுத்துக் கட்டிய பலகையில் பழகுகிறார்கள், அது வேண்டாம், ரப்பர் குச்சியைத் தானாகவே எகிற வைத்துவிடும், மணிக்கட்டு சோம்பேறியாகிவிடும், அப்புறம் பம்பை முகத்தில் அடிக்கும்போது கை எழும்பாது. மாம்பலகை ஒன்றில் கோணிச் சாக்கை நாலாக மடித்து ஆணி அடித்துக்கொள். குச்சி எழும்பாமல் கிடக்கும், நீதான் தூக்க வேண்டும். அதில் ஒரு மாதம் அடித்துவிட்டு ஜோடியில் இருக்கிற வெண்கலப் பம்பையில் கை வைத்துப் பார், அடி தனித்தனியாக விழும். வாரத்தில் நாலு நாள் சாக்குப் பலகை, இரண்டு நாள் செட்டாகச் சேர்ந்து வாசிக்க வைத்துக்கொள்.

காற்றுப் பெட்டியைத் தவறாமல் போடு. உன்னுடையது தோல் முகமாக இருந்தால், மூடிய அறையில் நாலு பேர் வியர்வைக்கு அரை மணி நேரத்தில் தோல் இறங்கிவிடும், சுருதி தொப் தொப் என்று ஆகிவிடும்.

பம்பைத்தம்பி, தருமபுரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பெரியவருக்கு என் வணக்கம், சாக்குப் பலகை நாலு செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது முதல் வாரத்திலேயே தெரிந்தது, என் இடது கை இத்தனை நாள் வலது கையின் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

வேலை முடிந்தது. ஜன்னல் பலகை, கதவுக்கு சிமென்ட் போர்டு, கிரானைட் பட்டை, வென்டிலேட்டர் பெட்டி, ஹால் பக்கம் இன்னொரு பெட்டி. ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் கூலியோடு 23,400 ஆனது. அவர்களுக்கு எடுபிடியாக நாங்களே நின்றோம், இல்லையென்றால் கூடியிருக்கும். மெத்தை இரண்டு அத்தை வீட்டிலிருந்து வந்தது.

அதே ஃபோன், அதே ஆப், அதே இடம். அறைக்குள் 98. சந்தில் முதல் நாள் 61 காட்டியது. சித்தப்பா மகன் துள்ளிக் குதித்தான், எனக்கு மட்டும் ஜன்னலின் இடது மூலையில் காது வைத்தால் வெண்கலப் பம்பைச் சத்தம் மட்டும் மெல்லிசாகத் தனியாகக் கேட்டது. மறுபடி ஊதுபத்தி. கேபிள் டிவி இருந்த காலத்தில் ஒயர் இழுக்க ஒரு அங்குலத் துளை போட்டிருக்கிறார்கள், மேலே காலண்டர் மாட்டியிருந்ததால் முதல் தடவை தப்பிவிட்டது. சிமென்ட் கலவையை இரண்டு பக்கமும் குத்தி நிரப்பி மறுநாள் அளந்தோம், 59. ஃபோன் அளவு அப்படியே சட்டக் கணக்குக்கு ஆகாது என்று தெரியும், ஆனால் முன்னால் 19 இருந்த வித்தியாசம் இப்போது 39 என்பது காதுக்கே தெரிகிறது. ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தால் மட்டும் அடிச்சத்தம் கொஞ்சம் போகிறது, அதனால் பதிவு கேட்பதை ஹெட்ஃபோனுக்கு மாற்றிவிட்டோம்.

நேற்று பக்கத்து வீட்டு அக்காவை வீட்டுக்குள் அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாப்பா படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் நாலு பேரும் பத்து நிமிடம் முழு அடி அடித்தோம். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று ஃபோனில் கேட்டார். ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. செவ்வாய், சனி ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்று பேசி வைத்திருக்கிறோம், பரீட்சை நடக்கிற நாட்களில் சாக்குப் பலகை மட்டும்.

கொத்தனார் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எக்ஸாஸ்ட் ஓடும்போது பெட்டி லேசாக உறுமுகிறது. ஃபேனுக்கும் பலகைக்கும் நடுவில் டியூப் ரப்பர் வைக்கலாமா?

கொத்தனார் மகன், கிருஷ்ணகிரி

வையுங்கள் தம்பி. நான்கு திருகுக்கும் வாஷர் மாதிரி இரண்டு பக்கமும் ரப்பர், திருகை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு சுற்று தளர்த்தி விடுங்கள். இறுக்கினால் ரப்பர் இருந்தும் பயனில்லை.